இடப்பக்கம் படுத்திருந்தவன்

மகனின் கல்லறையில் ஐவி ஏற்றிய பன்னிரண்டு மெழுகுதிரிகளும் வலப்பக்கத்திலேயே எரிந்தன. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்துப் புல்லும் பிடுங்கப்படாமல் அப்படியே நின்றது.

"அந்தப் பக்கம் வைக்கலையா?" என்று கேட்டான் அவள் கணவன் லியனார்ட்.

"எல்லாப் பக்கமும் வச்சிட்டேனே" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அன்று ஆத்துமாக்கள் திருநாள். பொகவந்தலாவை மலையிலிருந்து இறங்கிய மூடுபனி, உருகும் மெழுகின் வாசனையையும் ஈரமண் வாசனையையும் ஒன்றாகக் குழைத்துக்கொண்டு சிலுவைகளுக்கிடையே நகர்ந்தது. அன்டன் எட்டு வயதில் காய்ச்சலில் போய் நான்கு வருடமாகிறது. பள்ளிக்கூடம் போகையில் அவன் அப்பாவின் கையை முழுதாகப் பிடிக்க மாட்டான். சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு வருவான்.

திரும்பும் வழியில் லியனார்டின் பின்னால் ஒரு சத்தம் வந்துகொண்டேயிருந்தது. சரக். சரக். திரும்பிப் பார்த்தான். ஐவியின் இடது காலில் செருப்பு இல்லை. வெறுங்கால் சேற்றில் இழுபட்டது. செருப்பு இல்லாததே அவளுக்குத் தெரியவில்லை.

தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வாசலில் பக்கத்து வீட்டு வினோதா விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "அக்காவுக்கு வாய் ஒரு பக்கமாக் கோணியிருக்கே, அண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. றொக்சன் தம்பி ஓட்டோ இங்கதான் நிக்குது."

"பனிக்காத்து பட்டிருக்கும்மா" என்றான். மலையில் எந்த நோய்க்கும் முதல் பழி பனிக்குத்தான். மப்ளரை எடுத்து மனைவியின் காதை மூடிக் கட்டினான்.

ஆத்துமாக்கள் திருநாளன்று இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போவார்கள் என்பது அவர்கள் குடும்பத்து நம்பிக்கை. ஆகவே அன்டனுக்குப் பிடித்த ரொட்டியும் சம்பலும் மாதா படத்தின் கீழ் இருந்தன. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. ஐவி தன் தட்டில் வலது பாதியைத் துடைத்துத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள். இடது பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அவளைப் படுக்க வைத்தான். கட்டிலின் இடப்பக்கம் சுவர்.

"மெதுவாப் பேசுங்க" என்று குழறினாள். "பக்கத்துல படுத்திருக்கான்."

"யாரு?"

வலது கையால் போர்வைக்குள் துழாவி ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள். தொய்ந்த கை. "அன்டன் கைங்க. எப்படிச் சில்லுன்னு இருக்கு பாருங்க."

அது அவளுடைய இடது கை. கல்யாண மோதிரம் கிடந்தது.

லியனார்ட் கதவைப் பார்த்தான். வெளியே ஓட்டோ நின்றது. பத்து அடி. ஒரு குரல் போதும்.

ஆனால் ஐவி சிரித்தாள். பாதி வாயால்தான். நான்கு வருடத்தில் முதல் முறை. கதவு திறந்திருந்தது, நாளும் அந்த நாள். வந்திருந்தால்? ஆள்கள் வந்து தூக்கினால் பிள்ளை மறுபடியும் போய்விடுவானே. அவனுக்கும் பிள்ளை வேண்டியிருந்தது, பாவம்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

விடிந்தபோது ஐவியால் எழ முடியவில்லை. றொக்சனின் ஓட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டொக்டர் நிரூபா யாழ்ப்பாணத்துப் பெண். "ஐயா, எத்தினை மணிக்குத் தொடங்கினது?" என்று கேட்டாள்.

"நேத்து பொழுது சாயுறப்ப."

எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "மூளைக்குப் போற ரத்தம் அடைபட்டிருக்கு. இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதே இவவுக்குத் தெரியேல்லை. வாய் கோணினவுடன கொண்டு வந்திருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம். அதுக்குச் சில மணித்தியாலம்தான் இருக்கு." பேனாவை மூடிவிட்டு, "இடக் கை இனி அசையிறது கஷ்டம், ஐயா" என்றாள்.

லியனார்ட் கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்தான். ஐவி அவனைப் பார்க்கவில்லை. வலப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க. தூங்கிட்டானா?"

"தூங்கிட்டான்" என்றான்.

அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தான். பிணத்தின் கை போலக் கனத்தது. தன் கையை வெளியே எடுக்கப் பார்த்தான்.

வரவில்லை.

போர்வைக்குள், அவனுடைய சுண்டுவிரலை மட்டும், ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது.