பெயர் மாற்றாத கதை

"மெஷினு குதிக்குதாம்... குதிக்குது பாரேன்!"

புத்தகக் கண்காட்சியின் கடைசி வரிசைக் கடையில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் ஆறு வயதுச் சிறுமியின் கை, மறு கையில் சிறுவர் மாத இதழ். திறந்திருந்த பக்கம் அருள்மொழிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது.

அவளுடைய கதை!

ஆறு வருடம் எழுதி, அனுப்பி, திரும்பி வந்து, மறுபடி அனுப்பி... முதன்முதலாக அச்சில் வந்த கதை. கடையில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான், பள்ளிக்கூடம் விட்டதும், தான் பாடம் நடத்தும் எல்.கே.ஜி. பிள்ளைகளின் கிரேயான் கறை படிந்த கையோடு ஓடி வந்திருந்தாள்.

"குதிச்சா என்னவாம்?" என்றாள் வெடுக்கென்று.

அவன் திரும்பினான். வெயிலில் கறுத்த முகம். இமையோரம் மட்டும் மை தீட்டியதுபோல் ஒரு கோடு... நிலக்கரித் தூளா, பிறவியிலேயே அப்படியா? ச்சே, இப்போது இதுவா முக்கியம்!

"பக்கெட் வீலுங்க இது. சுரங்கத்துல மண்ணு வெட்டற ராட்சசன். அது நகர்ற வேகத்துக்கு எங்க வூட்டு எருமை முந்திக்கினு போயிரும். இங்க என்னடான்னா குருவிக் கூட்டைத் தாண்டிக் குதிக்குது!"

"குழந்தைங்க கதை அது."

"அது பரவால்லீங்க. ஆனா இதுல ஆளே இல்ல பாருங்க. தினம் அது மேல ஏறி எறங்கிக்கினு இருக்கோமே... நாங்கல்லாம் எங்க போனோம்? எழுதுனவங்க பஸ்ல போவும்போது தூரத்துலேர்ந்து பாத்திருப்பாங்க."

சுருக்கென்றது. உண்மைதான். அப்பா சிங்காரவேலு சுரங்க அலுவலகத்தில் பெர்மனென்ட். அவள் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அந்த இயந்திரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

"மாமா... அந்த அக்கா மொறைக்கிறாங்க," என்றாள் சிறுமி.

"எழுதினது நான்தான்," என்றாள் அருள்மொழி.

அவன் இதழை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். "எழுத்து... நல்லா பெருசா இருந்துச்சுங்க..."

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தபடி விருட்டென்று கிளம்பினாள். அந்த நேரம் பார்த்தா மழை கொட்ட வேண்டும்! தகரக் கூரை சடசடத்தது. வாசல் முழுக்க வெள்ளித் திரை. யாரும் எங்கும் போக முடியவில்லை.

அரை மணி நேரத்தில் அவன் பெயர் சிலம்பரசன் என்று தெரிந்துகொண்டாள். சொந்த ஊர் கம்மாபுரம். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். சிறுமி, அக்கா மகள் செவ்வந்தி.

"அப்போ நீங்களே சரியா எழுதுங்களேன்," என்றாள்.

"எழுத வராதுங்க. சொல்ல வரும்."

சொல்ல வந்தது... அதுவும் எப்படி! சனிக்கிழமைதோறும், ஷிப்ட் முடிந்து, பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல, அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். கிரீஸ் வாசனை, விசில் சத்தம், மழையில் வழுக்கும் இரும்புப் படி... எழுதுவதைவிட, அவன் பேசும்போது அந்த மைக்கோட்டுக் கண்கள் அகல விரிவதைப் பார்ப்பதே அதிகமாகிப் போனது.

ஒரு சனிக்கிழமை அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மொத நாளு... அந்த மெஷினு ஏணியில பாதி ஏறுனதும் காத்து புடிச்சி ஆட்டிச்சி. கம்பியைக் கட்டிக்கினு அழுதுட்டேங்க. யாரும் பாக்கல. அப்புறம் அழுதுக்கினே மேல ஏறிட்டேன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் ஒரே மூச்சில் எழுதினாள். 'சிலம்பு மாமாவின் முதல் நாள்.' பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மாற்றாமலே அனுப்பினாள்.

கதை அதே இதழில் வந்தது. சென்னையிலிருந்து பதிப்பாளரே போன் செய்தார். "படங்களோட தனிப் புத்தகமா போடலாம்மா!" அவளுடைய முதல் புத்தகம்! சிலம்பரசனிடம் சொல்ல ஓடிப்போய்ப் போனை எடுத்தால், அவனே கூப்பிட்டான்.

"காலையிலேர்ந்து சுரங்கத்துல எல்லாரும் அழுமூஞ்சி மாமான்னு கூப்புடறாங்க. ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க... பேரையாவது மாத்தியிருக்கக் கூடாதா?"

"இல்ல, அது வந்து... கதைதானே..."

"உங்களுக்குக் கதை. நாங்க கான்ட்ராக்ட்டுங்க. எங்ககிட்ட பெர்மனென்ட்டா இருக்கறது பேரு ஒண்ணுதான்."

துண்டித்துவிட்டான்.

அவளுக்கும் ரோஷம் வந்தது. ஊரே பாராட்டுகிற கதைக்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? பத்து நாள் அப்படியே வீம்பாக இருந்தாள். புதிதாக எதையாவது எழுத உட்கார்ந்தாள். ஒரு வரிகூட நகரவில்லை. சனிக்கிழமை அந்த டீக்கடையைத் தாண்டும்போது பெஞ்சில் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். கேட்காமல் எடுத்துவிட்டேனே... நம்பித்தானே சொன்னான்?

பதிப்பாளருக்குப் போன் செய்தாள். "அவர் சம்மதிக்கிற வரைக்கும் அச்சடிக்க வேண்டாம் சார்."

"இந்த வருஷம் விட்டா, அடுத்து எப்பன்னு சொல்ல முடியாதும்மா."

"பரவாயில்ல சார்." சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஆறு வருடக் கனவு அல்லவா?

மறுநாள் கம்மாபுரம் பஸ் ஏறினாள். இறங்கும்போது மழை. விசாரித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது புடவை முழுக்க நனைந்திருந்தது. கதவைத் திறந்தவர் அவன் அம்மா அமிர்தம்.

"கதை எழுதுற பொண்ணா? உள்ள வாம்மா, இப்படி நனைஞ்சிக்கினு..." என்று துண்டை நீட்டினார். "இவன் அழுதது எனக்கே அதைப் படிச்சித்தான் தெரியும். என்கிட்டகூடச் சொல்லல பாரு, அழுத்தக்காரன்!"

உள்ளேயிருந்து வந்த சிலம்பரசன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

அருள்மொழி பையிலிருந்து தாள்களையும் பென்சிலையும் எடுத்து நீட்டினாள். "தப்புதாங்க. கேட்டிருக்கணும். வேண்டாத வரியை அடிச்சிடுங்க. மொத்தமா வேணாம்னாலும் சரி... புக்கு வராது. நிறுத்தச் சொல்லிட்டேன்."

"நிறுத்திட்டீங்களா!"

"அய்யோ, நிறுத்தாதீங்க," என்றார் அமிர்தம். "செவ்வந்தி புது ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு ஒரு மாசமா அடம். இதைப் படிச்சிட்டு, மாமா அழுதுக்கினே ஏறுச்சில்ல, நானும் போறேன்னு பையைத் தூக்கிட்டா." சொல்லிவிட்டு, காபி போட அடுப்படிக்குப் போனார்.

அவன் தாள்களைப் புரட்டினான். பென்சில் எந்த வரியிலும் இறங்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏன் பேரை மாத்தல?"

"மறந்துட்டேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன்..." அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பொய். பத்துப் பேரு போட்டுப் பாத்தேன். யாருக்கும் உங்க கண்ணு வரல... அந்த ஏணியில வேற யாரையும் ஏத்த எனக்குப் பிடிக்கல."

அவன் பென்சிலை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"புக்கு அட்டையில என் பேரு எங்க வரும்?"

"மேல. தலைப்புல."

"உங்க பேரு?"

"கீழ..."

"பக்கத்துல பக்கத்துல வராதா?"

"கதைப் புத்தகத்துல அப்படிப் போட மாட்டாங்க."

"அப்ப வேற பத்திரிகைதான் அடிக்கணும்."

"எந்தப் பத்திரிகை?" என்று வாயெடுத்தவள் அவன் கண்களைப் பார்த்துவிட்டாள்.

"நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவாங்களே... அது," என்றான்.

அருள்மொழிக்குக் காது மடல் சூடேறியது. துண்டின் நுனியை விரலில் சுற்றினாள். "அதுக்கு... எங்கப்பாவைக் கேக்கணும்..."

"கேக்கறேன். வூட்டுக்கே வந்து கேக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

"நான்தான்..." அவள் மெல்ல நிமிர்ந்தாள். "பஸ் ஏறி வந்தாச்சே..."