தலையணை உயர்த்தி ஒரு படம்

கேமராவில் பிலிம் தானாகச் சுற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டுத்தான் செல்வநாதன் கண் விழித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூசை முடிந்து வந்து, சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் படுத்திருந்தான். வெளியே ஐப்பசி மழை ஓட்டின்மேல் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அறைக்குள் காயாத துணியின் வாடை, திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரிந்து அணைந்த மெழுகுவர்த்தியின் வாடை. படத்துக்குக் கீழே மாடத்தில், அவன் வைத்த இடத்தில், வைத்தபடியே கேமரா இருந்தது. பிளாஷுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒன்று எரிந்து அணைந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. தொடுவதற்கு இந்த வீட்டில் யாரும் இல்லை.

கேமரா, அவன் மனைவி அமலராணியின் அண்ணன் சந்தனசாமி பிரான்சிலிருந்து கொண்டுவந்து கல்யாணத்துக்குக் கொடுத்தது. பட்டனை அமுக்கினால் பிலிமைத் தானே நகர்த்திக்கொள்ளும். சுருள் முடிந்ததும் தானே பின்னால் சுற்றிக்கொள்ளும். மாசியில், கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பாதிச் சுருளில் சிக்கி நின்றது.

"எம் மூஞ்சியப் பாத்துப் பாத்து அதுக்கே அலுத்துப்போச்சு" என்று அவள் சிரித்தாள்.

அந்த வாரமே காய்ச்சல். பிறகு அவள் இல்லை.

கல்யாண ஆல்பத்தில் போட்டோக்காரர் சொன்னபடி எல்லாப் படத்திலும் குனிந்தே இருந்தாள். அவளுடைய முகம், அந்தச் சிரிப்பு, சிக்கிய சுருளில் மட்டும்தான். இருட்டறையில் பிரித்துப் பார்க்கிறேன் என்றார் ஸ்டூடியோ முகம்மது இப்ராஹிம். இழுத்தால் கிழியலாம் என்றும் அவரே சொன்னார். செல்வநாதன் சம்மதிக்கவில்லை. கியாரண்டி பாக்கி இருந்தது. பிலிமைத் தொடக்கூடாது என்று சொல்லி மெட்ராசுக்கு அனுப்பினான்.

சரிசெய்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவன் அமுக்கினால் அசையவில்லை. சுவரைப் பார்த்து அமுக்கினான், பூனையைப் பார்த்து அமுக்கினான். ஒன்றுமில்லை. அவன் வேலை பார்க்கும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ட்ரங்க்கால் போட்டுக் கேட்டதற்கு, "இங்க நல்லாத்தான் சார் வேலை செஞ்சுது, நீங்க அமுக்கத் தெரியாம அமுக்குறீங்க" என்றான் ஒருத்தன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

அவன் தூங்கும்போது மட்டும் அது வேலை செய்தது.

மழை பெய்த மத்தியானங்களில், கண் அயர்ந்ததும், முதலில் கொசு ரீங்காரம்போல் பிளாஷ் ஏறும் மெல்லிய கீச்சு. இமைக்கு வெளியே வெளிச்சம். பிறகு உள்ளே பிலிம் நகரும் முனகல். இந்த ஞாயிறு அந்த முனகல் நிற்கவே இல்லை. நீண்டு, நீண்டு, ஒரு சொடுக்கோடு அடங்கியது. சுருள் முடிந்து பின்னால் சுற்றிக்கொண்டுவிட்டது.

குடையை எடுத்துக்கொண்டு, கேமராவோடு ஸ்டூடியோவுக்குப் புறப்பட்டான்.

மறுநாள் மாலை படங்களை வாங்கப் போனபோது இப்ராஹிம் முதலில் கேமராவைத்தான் திட்டினார். "கியாரண்டின்னா அப்புடித்தான் தம்பி. மெட்ராஸ்ல பொட்டியப் பிரிச்சு, ஒரு ஊது ஊதி, மூடி அனுப்பிடுவானுவ." பிறகு குரல் தணிந்தது. "கடக்கரைப் படத்துல படகும் மணலுந்தான் இருக்கு. ஆளே இல்லியே?"

இல்லைதான். அவளை நிறுத்தி எடுத்த இடத்தில் அலை மட்டும். மணலில் இரண்டு காலடிகள்.

மீதிப் படங்கள் எல்லாம் அவன் அறை. மாடத்திலிருந்து எடுத்தவை அல்ல. கட்டிலின் கால்மாட்டிலிருந்து எடுத்தவை. முதல் படத்தில் அவன் தூங்குகிறான், கதவு திறந்திருக்கிறது. அடுத்ததில் வாசற்படியில் கல்யாணச் சேலை. அதைக் கட்டித்தான் அவளை அடக்கம் செய்தார்கள். அடுத்ததில் அவள் தலைமாட்டில், குனிந்து, வகிடு மட்டும் தெரிய. கடைசிப் படத்தில் அவள் கை அவன் தலையணைக்கு அடியில் இருந்தது. முகத்தை நிமிர்த்தத் தொடங்கியிருந்தாள். மோவாய் தெரிந்தது. அங்கே சுருள் தீர்ந்துவிட்டது.

செல்வநாதனுக்கு அந்த நிலை தெரியும். ஊரில் சவப்பெட்டியை மூடுமுன் ஒரு படம் எடுப்பார்கள். தாடையைக் கட்டி, கண்ணை மூடி, தலையணையை உயர்த்தி, முகத்தைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி. தலைமாட்டில் வீட்டார் நிற்பார்கள். பிரான்சிலிருந்து வரமுடியாதவர்களுக்குப் போகும் படம். அடக்கத்தன்று அது வேண்டாம் என்றான் அவன்.

"அண்ணங்காரன் பாக்க வேணாமா மாப்புள?" என்றாள் அவளுடைய சின்னம்மா அற்புதம். "படம் எடுக்காம மூடுனா அவ எப்புடிப் போவா?"

மூடச் சொல்லிவிட்டான்.

"வீட்டுல ஆரு தம்பி இருக்காங்க?" என்றார் இப்ராஹிம்.

"யாரும் இல்லைங்க."

"கேமராவ இங்கயே வெச்சுட்டுப் போங்க."

அவன் அந்த மோவாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தால் போதும்.

"புது ரோல் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றான்.

விளக்கு வைக்கும் நேரம். கரண்ட் இல்லை. ஈரக்கூரையிலிருந்து எங்கோ ஒரு சொட்டு பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. கேமராவை மாடத்தில் வைத்துவிட்டுப் படுத்தான். தூங்கக்கூடாது. கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அவளைப் பார்க்க வேண்டும்; ஒரே ஒரு தடவை.

சொட்டு நின்றது.

கதவு ஓசையில்லாமல் திறந்தது. ஈரமண் வாடை. பட்டுச்சேலை உரசும் சத்தம், கால்மாட்டைக் கடந்து, பக்கவாட்டில், தலைக்குப் பின்னால். செல்வநாதன் கழுத்தைத் திருப்பப் பார்த்தான். திரும்பவில்லை.

தலையணைக்கு அடியில் ஒரு கை நுழைந்தது.

மெதுவாக, பழகிய பக்குவத்தோடு, தலையை உயர்த்தியது. தாடையின் கீழே துணி. இறுகியது. உச்சியில் முடிச்சு விழுந்தது. அவள் பெயர் பல்லுக்குள் நின்றது.

கால்மாட்டில், யாரும் இல்லாத இருட்டில், சிவப்புப் பொட்டு எரிந்தது. கீச்சு ஏறியது.

நெற்றிக்கு மேலே மூச்சில்லாத ஒரு முகம் நிமிர்வதை உணர்ந்தான். விழிகளை மேலே உருட்டினான். மோவாய். உதட்டோரம். இன்னும் கொஞ்சம்.

இரண்டு குளிர்ந்த கட்டைவிரல்கள் அவன் இமைகளை மூடின.

அழுத்திப் பிடித்தன.

மூடிய இமைக்குள் எல்லாம் சிவப்பாக வெடித்தது. பிலிம் நகர்ந்தது.