கரடிக்குக் குரக்களி

பொம்மைக் கடை வாசலில் ஒரு பெரிய கரடி ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தது.

சுற்றி நின்ற பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். "நொண்டி ஆடுது! கரடி நொண்டி ஆடுது!" என்று கைதட்டினார்கள். கடைக்குள் உட்கார்ந்திருந்த முதலாளி, "அப்படித்தான்! இன்னும் நல்லாக் குதி!" என்று குரல் கொடுத்தார்.

சாப்பாட்டுப் பையோடு அங்கே வந்த மிளகாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளுக்குப் பத்து வயது. கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும் என்பதால் வீட்டில் எல்லோரும் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கரடி வேஷத்துக்குள் இருந்தது அவளுடைய சித்தப்பா. அவருக்கு நொண்டி ஆடவே தெரியாது. போன வாரம் அவளோடு ஆடி, மூன்றாவது கட்டத்திலேயே தொப்பென்று விழுந்தவர் அவர். இந்த வெயிலில் எதற்காக நொண்டி ஆடுகிறார்?

அவள் யோசித்து முடிப்பதற்குள் கரடி தடாலென்று சாய்ந்தது. பிள்ளைகள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

மிளகாய் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கரடியின் வாய்ப் பக்கம் குனிந்தாள்.

"சித்தப்பா! என்ன ஆச்சு?"

"மிளகா... குரக்களி... கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. உயிரே போகுது!"

அவள் கரடித் தலையைக் கழற்றப் போனாள். முதலாளி ஓடிவந்தார்.

"ஏய், ஏய்! தலையைக் கழட்டாதே! பிள்ளைங்க பயந்துடுவாங்க!"

"நானும் பிள்ளைதான் சார். எனக்குப் பயம் வரல. கோபம்தான் வருது!"

தலையைக் கழற்றினாள். உள்ளே சித்தப்பாவின் முகம் வியர்வையில் குளித்திருந்தது.

"ஐ! கரடிக்குள்ள ஒரு மாமா!" என்றான் ஒரு குட்டிப் பையன்.

"வேடிக்கை பார்த்தது போதும். வாங்க, நிழலுக்குக் கொண்டுபோகணும்!" என்றாள் மிளகாய். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். முதலாளியும் வேறு வழியில்லாமல் ஒரு கை கொடுத்தார். கடையின் கூரை நிழலில் சித்தப்பாவைச் சாய்த்து, கரடித் தோலையும் உருவினார்கள்.

கெண்டைக்கால் கருங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. போன மாதம் பள்ளி மைதானத்தில் ஓடியபோது மிளகாய்க்கும் இப்படித்தான் ஆனது. அப்போது விளையாட்டு டீச்சர் செய்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"முட்டியை மடக்காம காலை நீட்டுங்க சித்தப்பா."

"வெடுக்குன்னு இழுத்துடாதே தாயே!"

"இழுக்க மாட்டேன். மெதுவாத்தான் செய்யணும்."

அவள் கால் விரல்களைப் பிடித்து, முட்டியைப் பார்த்து மெல்ல மெல்ல வளைத்தாள். அப்படியே பிடித்துக்கொண்டாள். பிறகு கெண்டைக்காலை இதமாகத் தடவிவிட்டாள். கல் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"தலை சுத்துதா? வாந்தி வருதா? அப்படி ஏதாவது இருந்தா உடனே டாக்டர்கிட்டப் போகணும்."

"அதெல்லாம் இல்ல. நாக்குதான் ஒட்டிக்குது."

"கடைசியா எப்போ தண்ணி குடிச்சீங்க?"

சித்தப்பா முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தார். "காலையில... வீட்டுல..."

இப்போது மணி ஒன்று. மிளகாயின் மூக்கு நுனி சிவக்கத் தொடங்கியது.

"ஏன் குடிக்கல?"

"குடிச்சா அடிக்கடி ஒதுங்கப் போகணுமாம். கரடி வாசலை விட்டு நகரக் கூடாதாம்."

பக்கத்துப் பழச்சாறு கடை அக்காவுக்கு இது காதில் விழுந்தது. எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு பெரிய குவளையில் கொண்டுவந்து நீட்டினார். "மடமடன்னு குடிக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க" என்றார்.

சித்தப்பா குடிக்கும்போது மிளகாய் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"சார், அந்த ஃபேன் யாருக்கு?"

"அது... பொம்மைகளுக்கும்மா. சூட்டுல ரப்பர் பொம்மையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

"ரப்பருக்குக் காத்து வேணும். உள்ளே உயிரோட இருக்கிற ஆளுக்கு ஒரு வாய் தண்ணிகூட வேணாம். நல்லா இருக்கு சார் உங்க நியாயம்!"

முதலாளிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "என்ன பெரிய கஷ்டம்? வெறுமனே நிக்கிற வேலைதானே!"

மிளகாய் கரடித் தலையை அவரிடம் நீட்டினாள். "அப்போ நீங்க நில்லுங்க. வெயில்ல. வெறுமனே."

"போடுங்க தாத்தா! போடுங்க தாத்தா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"தாத்தாவா? யாருடா தாத்தா?"

அந்த வேகத்திலேயே அவர் தலையை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்கள். இருபதுவரை கரடி இடுப்பில் கை வைத்து நின்றது. நாற்பதில் கையை விசிறியது. அறுபத்து மூன்றில், "போதும், போதும்!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

கரடித் தலையைக் கழற்றிய முதலாளியின் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அவர் கடைக்குள் போய், தன்னுடைய மெத்தை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மின்விசிறியையும் வாசல் பக்கம் திருப்பினார்.

"உட்காருப்பா. இன்னிக்கு வேஷம் வேணாம். நான் யோசிக்கவே இல்ல."

"பரவாயில்ல சார்" என்றார் சித்தப்பா. பிறகு, "போதும் மிளகா, விட்டுடு" என்று கிசுகிசுத்தார்.

"விட மாட்டேன். இன்னிக்கு உட்காரச் சொல்றாரு. நாளைக்கு?"

ஒரு பொம்மைப் பெட்டியின் மூடியை எடுத்தாள். பட்டை பட்டையாக எழுதினாள்:

'கரடிக்கு ஒய்வு நேரம். மணிக்கு ஒரு முறை. நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வரும்.'

முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். "தப்பு இருக்கே" என்றார்.

மிளகாயின் மூக்கு மறுபடி சிவந்தது. "என்ன தப்பு? ஒரு தப்பும் இல்ல!"

அவர் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கினார். 'ஒய்வு' என்பதில் முதல் எழுத்துக்குக் கீழே ஒரு சுழி போட்டு 'ஓய்வு' ஆக்கினார். பிறகு 'மணிக்கு' என்பதற்கு முன்னால் 'அரை' என்று சேர்த்து எழுதி, அட்டையைத் தன் கையாலேயே கடைக் கதவில் ஒட்டினார்.