இருட்டில் வந்த கை

"ஐயோ... யாராவது வாங்களேன்...!"

அலறியவன் டிரம்மர்.

மேடையில் இடி இடிப்பவன், மேக்கப் அறை வாசலில் பச்சைக் குழந்தை மாதிரிக் கத்திக்கொண்டிருந்தான்.

உள்ளே சோபாவில் மேனேஜர். பின்மண்டை பிளந்திருந்தது. காலடியில் ரத்தம் தோய்ந்த மைக் ஸ்டாண்டு!

சினிமாப் பாட்டுப் பக்கமே தலைவைக்காத ராக் பேண்டு அது. சொந்தப் பாட்டு... சொந்த மெட்டு. இன்றோடு கலைகிறது என்று காலையில்தான் அறிவித்திருந்தார் மேனேஜர். அவரே முந்திக்கொண்டார்!

அரங்கின் கதவுகள் மூடப்பட்டன. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார்.

"இவரைக் கடைசியா உயிரோட பார்த்தது யாரு?"

"நான்தான் மேடம்," என்றான் டிரம்மர். "கடைசிப் பாட்டுக்கு முன்னாடி தண்ணி பாட்டில் கொடுத்தாரு. பாட்டு முடிஞ்சு வந்து பார்த்தா..."

"பாட்டு நடக்கறப்போ எல்லாரும் மேடைலதானே இருந்தீங்க?"

"இல்ல மேடம். கடைசிப் பாட்டை நாங்க வாசிக்க மாட்டோம். லைட்டை மொத்தமா அணைச்சுடுவோம். ஜனங்களே பாடி முடிப்பாங்க. அது எங்க வழக்கம். நானும் பேஸ் கிடார்காரனும் பின்னாடி ஒண்ணா தம் அடிச்சிட்டிருந்தோம்."

"பாடகரு?"

டிரம்மர் கண்ணாலேயே மேடையோரத்தைக் காட்டினான்.

பாடகன் அங்கே ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். இன்ஸ்பெக்டர் அவனிடம் போனார்.

"நேத்து மேனேஜர்கூட சண்டையாமே சார்?"

"ஆமா. பேண்டைக் கலைக்கிற விஷயமா."

"இருட்டுல எங்க இருந்தீங்க?"

"...சொல்ல இஷ்டமில்ல."

"விலங்கை எடுய்யா!"

கான்ஸ்டபிள் நெருங்கினார்.

"மேடம்... நிறுத்துங்க! அண்ணன் இல்ல மேடம்!"

தடுப்புக் கம்பியைத் தாண்டி ஓடி வந்தான் ஒருவன். ஒல்லி. வியர்வையில் நனைந்த தலை.

"யாருப்பா நீ?"

"ரசிகன் மேடம். 'முன்வரிசை'ன்னு கூப்பிடுவாங்க. இவங்க எங்க வாசிச்சாலும் மொத ஆளா போய் நிப்பேன்."

"பொழப்பு?"

"செல்போன் ரிப்பேர் கடை... இன்னைக்கு லீவு தரலை. வேலையை விட்டுட்டேன்."

"உருப்பட்ட மாதிரிதான்! சரி, சொல்லு."

"இருட்டுல அண்ணன் இறங்கி வந்து முன்னாடி நிக்கிறவங்க கையைப் பிடிப்பாரு. அந்த நிமிஷத்துக்காகத்தான் மேடம் வர்றதே! இன்னைக்கு என் கையைப் பிடிச்சவரு பாட்டு முடியற வரைக்கும் விடவே இல்ல. எங்கம்மா மேல சத்தியம்!"

பாடகனை ஆசையாகப் பார்த்தான். ஒரு நன்றி... ஒரு தலையசைப்பு...

"யாரு இவன்?" என்றான் பாடகன், டிரம்மரிடம்.

முன்வரிசையின் நெஞ்சில் ஊசி இறங்கியது. ஆனாலும் சிரித்தான். அண்ணனாயிற்றே!

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார்.

"வர்ற வழியில முன்னாடி நின்னவங்களை விசாரிச்சேன் தம்பி. 'இன்னைக்குக் கையே வரலை'ன்னு அத்தனை பேரும் மூக்கைச் சிந்தறாங்க. உனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

"அது... எனக்கு மட்டும்..."

"விடுங்க மேடம், நானே சொல்லிடறேன்," பாடகன் பெருமூச்சு விட்டான். "கார்ல தூங்கிட்டிருந்தேன். டிரைவரைக் கேளுங்க. அவங்க உருகி உருகிப் பாடறப்போ நான் குறட்டை விடறேன்னு தெரிஞ்சா மானம் போயிடுமே!"

வாசலில் நின்ற டிரைவர் தலையாட்டினான்.

"அப்போ அந்தக் கை?"

"என்னுது இல்ல. என்னைக்குமே இல்ல! ஸ்பீக்கர் தூக்கற ஆளை அனுப்புவோம். என் மோதிரத்தைப் போட்டுக்கிட்டுப் போவான். இன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல்."

முன்வரிசை தன் உள்ளங்கையைப் பார்த்தான். எத்தனை ராத்திரி அதைக் கழுவாமல் தூங்கியிருக்கிறான்!

"தம்பி..." இன்ஸ்பெக்டரின் குரல் இப்போது வேறு. "நீ உன் இடத்துல நின்னிருந்தா, கை வரலைன்னு உனக்கும் தெரிஞ்சிருக்கும். வழக்கம்போல வந்திருக்கும்னு நெனச்சுப் புளுகிட்டே. இருட்டுல எங்க போனே? அதென்ன, டீஷர்ட்டை உள்பக்கம் வெளிய போட்டிருக்கே?"

கான்ஸ்டபிள் சட்டையைப் புரட்டினார்.

பேண்டின் பெயர்மேல் தெறித்த ரத்தம்!

"அவன்தான் மேடம் கலைக்கிறேன்னான்!" முன்வரிசை வெடித்தான். "பக்கத்துக் கதவு வழியா போய்க் கால்ல விழுந்தேன். 'எல்லாம் முடிஞ்சுபோச்சு, வீட்டுக்குப் போ'ன்னான்... எனக்கு வேற என்ன மேடம் இருக்கு?"

பாடகன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அடப்பாவி... கலைக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னது நான்டா! வேணாம் வேணாம்னு என்கிட்ட மல்லுக்கு நின்ன ஒரே ஆளு அவருதான்!"

முன்வரிசை தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். விலங்கு 'க்ளிக்'கென்று விழுந்தது.

"அப்போ நாங்க அவங்கவங்க வழியைப் பார்த்துட்டுப் போகலாமா மேடம்?" என்றான் பாடகன்.

"எங்க சார் போறது? மூணு பேரும் சாட்சி. வாய்தாவுக்கு வாய்தா ஒண்ணா வந்து நிக்கணும்..." என்ற இன்ஸ்பெக்டர், முன்வரிசையின் தோளைத் தட்டினார்.

"சந்தோஷப்படு தம்பி... கேசு முடியற வரைக்கும் பேண்டு கலையாது!"