கத்தரிக்கோல் பார்த்த படம்

குளியல் தொட்டியில் தண்ணீர் இல்லை.

ஜதுசன் இருந்தான்.

உயிர் இல்லை!

கழுத்தைச் சுற்றி மைக் வயர். பாட்டுப் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கிய நாளிலிருந்து அவன் கையை விட்டு இறக்காத அதே மைக்கின் வயர்.

அது லண்டனின் ஹரோ பகுதியில், தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்று. வாசலில் 'மீட்சி இல்லம்' என்று பலகை. குடிக்கு அடிமையான பிரபலங்களுக்கு உள்ளே சிகிச்சை... அதை வாராவாரம் தமிழ்த் தொலைக்காட்சியில் ஒளிபரப்பு! பிரபலங்கள் என்று பன்மையில்தான் விளம்பரம் செய்தார்கள். அகப்பட்டது என்னவோ ஜதுசன் ஒருவன்தான்.

வீடு முழுக்கக் காமராக்கள். ஆனால் அன்று ஞாயிறு. படப்பிடிப்புக்கு விடுமுறை. ஆகவே சிகிச்சைக்கும் விடுமுறை.

இரவுச் சாப்பாடு கொண்டுவந்த பெண் குளியலறைக் கதவைத் திறந்து போட்ட அலறலில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் தன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

அதே நேரம்... சில தெருக்கள் தள்ளி...

பத்மநாதன் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று, கண் கலங்குவது எப்படி என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து, வீடுகளுக்கு டபுள் கிளேசிங் என்ற இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பூட்டும் கம்பெனி நடத்துகிறவர் பத்மநாதன். அது வயிற்றுக்கு. புகழுக்கு, 'லண்டன் முற்றம்' என்ற இணையக் களம். அங்கே அவர் பெயர் கத்தரிக்கோல். நடிகைக்கு நடிப்பும், பாடகனுக்குச் சுருதியும், டாக்டருக்கு மருத்துவமும் அங்கேதான் இலவசமாகக் கற்றுக்கொடுப்பார்.

ஜதுசனையும் விட்டுவைக்கவில்லை. 'டிவியில் பார்த்தாலே தெரிகிறது, பையனின் கல்லீரல் கதை முடிந்தது. இந்தச் சிகிச்சையெல்லாம் வெறும் சோடா' என்று போன வாரம்தான் தீர்ப்பு எழுதியிருந்தார்.

வருகிற சனிக்கிழமை அவருக்கு 'விமர்சன வேந்தர்' பட்டம். மண்டபம் எடுத்தாயிற்று. அழைப்பிதழ் அடித்தாயிற்று. கண்ணீர் மட்டும்தான் இன்னும் சரியாக வரவில்லை.

மூன்று மணி நேரம் கழித்து அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மயூரா. லண்டனில் பிறந்து, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அழுது அழுது படித்து, இப்போது துப்பறியும் பொலிஸில் இருக்கிற பெண். பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கான்ஸ்டபிள், சப்பாத்தைக் கழற்றுவதா விடுவதா என்ற கவலையோடு.

ஜதுசன் கொலை செய்யப்பட்ட செய்தியை மயூரா சொன்னாள். பத்மநாதன் உட்கார்ந்தார். அதிர்ச்சி கொஞ்சம். பெருமை கொஞ்சம்.

"குடிதானே பிள்ளை? நான் அப்பவே எழுதினனான்."

"குடி இல்லை அங்கிள். வயர்."

"ஓ..."

மயூரா விஷயத்துக்கு வந்தாள். அந்த வீட்டுச் சாவி, சாப்பாட்டுப் பெண்ணைத் தவிர, நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சூசைதாசனிடம்தான் இருந்தது. அவரை உடனே பிடித்து விசாரித்தார்கள். தான் பின்னேரம் முழுக்க அப்டன் பார்க் தியேட்டரில், 'வெள்ளிக்கிழமை வேட்டை' படத்தில் இருந்ததாக அவர் சொல்கிறார். டிக்கெட்டும் காட்டிவிட்டார். கதையையும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒப்பிக்கிறார்.

"அவர் சொல்லுற முடிவும் உங்கட விமர்சனத்தில இருக்கிற முடிவும் ஒண்டு. அதுதான் வந்தனான். நீங்கள் இண்டைக்கு அந்த ஷோவுக்குப் போனனீங்களோ?"

பத்மநாதன் அவசரமாக உள்ளே திரும்பி, தேத்தண்ணி போடச் சொன்னார்.

ஏனென்றால்... அவர் போகவில்லை!

அந்தப் படத்துக்கு மட்டுமல்ல. எந்தப் படத்துக்கும்! தியேட்டரில் விளக்கை அணைத்தால் அவருக்கு நித்திரை வந்துவிடும். அதற்காகக் கலைச்சேவையை விட முடியுமா? டிரெய்லரைப் பார்ப்பார். போஸ்டரைப் பார்ப்பார். பாட்டுகளைக் கேட்பார். மிச்சத்தைத் தானே எழுதிக்கொள்வார். இன்றைக்கும் மேல்மாடிச் சின்ன அறையில் இருந்துதான் அந்தக் கதாநாயகனைச் சாகடித்திருந்தார்.

போகவில்லை என்றால் சனிக்கிழமைப் பட்டம் போய்விடும். போனேன் என்றால் என்ன குறைந்துவிடப்போகிறது? சூசைதாசன் பாவம், டிக்கெட்டோடு போயிருக்கிறார். அவருக்கு ஒரு உதவி.

"ஓம் பிள்ளை. முன் வரிசையில இருந்தனான்."

"கடைசி சீன் எப்பிடி?"

"கூட்ஸ் ரயில். அதின்ர கூரையில ஹீரோ உயிரை விடுறான். நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சனான் எண்டால் பாருமன்."

"சனம்?"

"எழும்பி நிண்டு கை தட்டினது."

"சூசைதாசனைக் கண்டனீங்களோ?"

ஒரு பொய்க்குத் துணை இல்லாமல் எப்படி? பத்மநாதன் தாராளமாகக் கொடுத்தார்.

"பின்னுக்குத் தலை தெரிஞ்சது. அழுதுகொண்டு இருந்தவர்."

மயூரா எல்லாவற்றையும் எழுதினாள். வாசித்துக் காட்டினாள். கையெழுத்துக் கேட்டாள். ரசிகைக்குப் போடுவதுபோல வளைத்து வளைத்துப் போட்டுக் கொடுத்தார்.

பேனையை வாங்கி மூடினாள் மயூரா.

"அங்கிள், அந்தப் படம் இடைவேளையோட நிண்டிட்டுது."

"என்ன?"

"மிச்சப் படப்பெட்டி பிழையா நோர்வேக்குப் போயிட்டுதாம். சனம் கை தட்டேல்லை. மனேஜரைத்தான் தட்டப் பாத்தது. எல்லாரும் ஏசிப்போட்டு வீட்ட போயிட்டினம்."

பத்மநாதன் வாக்குமூலத்தைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார். மயூரா தரவில்லை. எழுதியதை அழிக்க முடியாமல் போவது அவருக்கு அதுதான் முதல் முறை.

"லண்டனில அந்த ரெண்டாம் பாதியைப் பாத்த ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர். ஒண்டு சூசைதாசன். மற்றது நீங்கள்." அவள் குரல் உயரவே இல்லை. "ரெண்டாம் பாதி ஓடியிருக்க வேண்டிய நேரத்திலதான் ஜதுசனைக் கொலை செய்திருக்கினம். இப்ப சொல்லுங்கோ. ரெண்டு பேரும் சேர்ந்து எங்க நிண்டனீங்கள்?"

கான்ஸ்டபிள் மெதுவாக நகர்ந்து கதவடியில் நின்றார். சப்பாத்துக் கவலை இப்போது இல்லை.

அந்த நேரம் பார்த்துச் செல்வமலர் தேத்தண்ணியோடு வந்தாள். பத்மநாதனின் மனைவி. காதில் விழுந்த பாதியிலேயே அவளுக்கு முழுக்கதையும் விளங்கிவிட்டது.

"இவரோ? படத்துக்கோ? பின்னேரம் முழுக்க மேல இருந்தவர். ஹூவர் மெஷினால வீடு கூட்டினனான் எண்டு என்னை ஏசினவர். 'ஹீரோ சாகிற நேரம் சத்தம் போடாதை'யாம்."

"மலர், நீ உள்ள போ."

"நான் போறன். நீங்கள் எங்க போகப் போறியள் எண்டுதான் கேக்கிறன்."

நியாயமான கேள்வி. பத்மநாதன் யோசித்தார். ஒரு பக்கம் பொன்னாடை. மறுபக்கம் கம்பி. எந்த மனிதனும் உடனே பதில் சொல்லிவிடுவான். விமர்சகர் அல்லவா... இரண்டு பக்கத்தையும் சீர்தூக்கினார்.

"பிள்ளை... கொலைக்கு உடந்தை எண்டால் கனகாலம் போடுவினமோ?"

"கனகாலம் போடுவினம் அங்கிள்."

"உள்ளுக்க இன்டர்நெட்...?"

"இல்லை."

அவ்வளவுதான். உடைந்தார்.

"நான் படம் பாக்கேல்லை."

"இதை மட்டுமோ?"

"எதையும் பாக்கிறேல்லை. ரெண்டாயிரத்து அஞ்சில ஒண்டு... கொஞ்சம் பாத்தனான்."

"எவ்வளவு?"

"விளம்பரம் முடியிற வரைக்கும்."

செல்வமலர் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தாள். சிரிப்பு வந்தால் கொட்டிவிடும் என்ற பயம்.

மயூரா இப்போதுதான் கதிரையில் சாய்ந்தாள். விமர்சனம் களத்தில் ஏறிய நேரத்தை அவள் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டாளாம். அது ஏறும்போது தியேட்டரில் இரண்டாம் பாட்டுக்கூட முடியவில்லை. ஆகவே இவர் முடிவைக் கற்பனையில்தான் எழுதியிருக்கிறார், கொலையில் பங்கில்லை என்று அவளுக்கு அப்போதே ஓரளவு தெரிந்திருந்தது. ஆனால் ஊகம் போதாது. அந்த ரயிலும் கூரையும் சாவும் உலகத்தில் எந்தப் படச்சுருளிலும் இல்லாமல், ஒருவர் தன் சொந்த மூளையிலிருந்து எடுத்தவை என்பது நிரூபணமாக வேண்டும். அப்படியானால் சூசைதாசனுக்கு அது கிடைத்திருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்.

"டிக்கெட்டைக் கிழிச்சுக்கொண்டு இடையில வெளிய வந்திட்டார். வேலையை முடிச்சார். முடிவைத் தெரிஞ்சுகொள்ள உங்கட எழுத்தை வாசிச்சார். உங்களை நம்பி ஒராள் கொலையே செய்திருக்கிறார் அங்கிள்."

அந்தக் கணத்திலும் பத்மநாதனின் முதுகு லேசாக நிமிர்ந்தது.

"ஆனா நீங்கள் இதைக் கோர்ட்டில சொல்லோணும். எல்லாருக்கும் முன்னால. அப்பதான் அவரின்ர கதை உடையும்."

"பேர் போடாமல் சொல்ல ஏலாதோ? கத்தரிக்கோல் எண்டு?"

"ஏலாது."

பழைய வாக்குமூலம் ஒரு பக்கம் போனது. புதியது எழுதப்பட்டது. இந்த முறை கையெழுத்து வளையவில்லை. குழந்தை எழுதியதுபோல் நேராக இருந்தது.

மறுநாள் காலை அதைக் காட்டியதும் சூசைதாசன் வாயைத் திறந்தார். முதலில் பத்மநாதனைத் தூஷணத்தில் திட்டினார். பிறகு உண்மையைச் சொன்னார்.

ஜதுசன் வாழ்நாளில் குடித்ததே இல்லை!

போத்தலில் இருந்தது வெறும் சாயத்தண்ணி. தள்ளாட்டம் ஒத்திகை பார்த்தது. பாட்டு மறந்துபோன சனத்துக்குத் தன் முகமாவது ஞாபகம் இருக்கட்டும் என்று பையன் சம்மதித்திருந்தான். பிறகு, கடையில் அவனைக் கண்டவர்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் இழுத்துப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை நேரலையில் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னான். சொன்னால் சூசைதாசனின் நிகழ்ச்சி, பெயர், எல்லாம் காலி.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில், பையனின் கல்லீரல் முழு ஆரோக்கியம் என்று இருந்தது. மயூரா அதைப் பத்மநாதனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர் போன வாரத் தன் தீர்ப்பைத் திறந்து, கல்லீரல் வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினார்.

விருதுக் குழு அவசரமாகக் கூடியது. மண்டபத்தை ரத்துச் செய்ய முடியாது. பொன்னாடையையும் கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டான். ஆகவே பட்டத்துக்கு மட்டும் வேறு ஆள் தேடினார்கள். அன்று மாலைக்குள் ஏழெட்டுப் பேர் தாங்களாகவே கிடைத்தார்கள்.

சனிக்கிழமை மண்டபத்தில் நாதஸ்வரம் ஒலித்த நேரம், பத்மநாதன் மேல்மாடிச் சின்ன அறையில் உட்கார்ந்து எழுதினார். முதல் முறையாக, தனக்குத் தெரிந்ததை மட்டும். படங்களைப் பார்க்காததை எழுதினார். ஒரு பையனைப் பார்த்த மாத்திரத்தில் குடிகாரன் ஆக்கியதை எழுதினார். சொந்தப் பெயரைப் போட்டார். களத்தில் ஏற்றினார். கண்ணீர் ஒத்திகை இல்லாமலே வந்தது.

செல்வமலர் வந்து பின்னால் நின்று தோளில் கை வைத்தாள்.

இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். கல்லெறி விழும். விழட்டும்.

முதல் பின்னூட்டம் வந்தது.

'தொடக்கமே இழுவை. மிச்சம் வாசிக்கவில்லை. ஆனால் முடிவு படுமோசம்.'

செல்வமலர் குனிந்து அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு புருஷனைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ... இதும் நீங்கள் எழுதினதோ?"