ஜென்சியே சொல்லட்டும்

வெள்ளனே எழுந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள் ஜோசப்பின். வாசலில் செல்வமேரியின் குரல் கேட்டதும் அவள் கை நின்றது. கணவன் ரெக்ஸின் அக்கா அவள். திண்டுக்கல் போக்சோ நீதிமன்றத்தில் இன்று பத்து வயது ஜென்சி சாட்சி சொல்லப்போவது செல்வமேரியின் கணவன் மரியசூசைக்கு எதிராகத்தான்.

"ஏண்டி, நெசமாவே கூட்டிட்டுப் போறியா? எம் புருசன ஜெயில்ல போட்டுட்டு நீ நிம்மதியா சோறு திம்பியா?"

"மாமா கூப்பிட்டாருன்னு நம்பித்தான மதினி தோட்டத்துக்குப் போனா... அந்த நம்பிக்கையக் கொன்னாரே உங்க புருசன்!"

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்? தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. குடும்பம் ஒண்ணாக் கெடக்கும்ல!"

"என் பிள்ளையப் பொய் சொல்லச் சொல்றீங்களா? எட்டு மாசமா தூக்கத்துல அலறிக்கிட்டுக் கெடக்கா. ஒரு நாளாவது வந்து எட்டிப் பாத்தீங்களா?"

"இந்த வீடு யாரு வீடுன்னு மறந்துட்டியா? இன்னைக்கு பஸ் ஏறுனா திரும்பி இங்க வராத!"

ஜோசப்பின் கணவனைப் பார்த்தாள். மரியசூசையின் ஜீப்பை ஓட்டித்தான் அவர்கள் பிழைப்பு நடந்தது. தலை குனிந்து நின்ற ரெக்ஸ், "இன்னைக்கு ஒரு நாள் விட்ருவமே..." என்று முனகினான்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பெத்த மககிட்ட எட்டு மாசமா பேசாத வாய், இதுக்கு மட்டும் தொறக்குதோ? நல்லா இருங்க!"

நான்கு துணிகளைப் பையில் திணித்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வில்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நீதிமன்ற வாசலில் ஹெப்சிபா காத்திருந்தாள். வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணையாக நியமிக்கப்பட்டவள். வாரந்தோறும் ஜென்சியை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனவள். போன வாரமே சாட்சி சொல்லும் அறையையும் நாற்காலியையும் காட்டிப் பயம் தெளிவித்திருந்தாள்.

"மாமா திரைக்கு அந்தப் பக்கம்தான் இருப்பாரு கண்ணு. நீ அவரப் பாக்கவே வேண்டாம். புரியலன்னா புரியலன்னு சொல்லு. தண்ணி வேணும்னா கேளு."

கதவு மூடப்பட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்க நினைத்ததையெல்லாம் நீதிபதி அம்மாதான் மெதுவாகக் கேட்டார். ஜென்சி இரண்டு முறை அழுதாள். ஒரு முறை வெளியே போய் வந்தாள். ஆனால் எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

"வேற ஏதாவது சொல்லணுமா பாப்பா?"

"எங்கப்பா ஏன் எங்கூடப் பேச மாட்டேங்கிறாரு? நான் தப்பு பண்ணிட்டேனா?"

பின்னால் உட்கார்ந்திருந்த ஜோசப்பின் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

வெளியே வந்தபோது வராந்தாவில் ரெக்ஸ் நின்றிருந்தான். அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறான்.

"சாவிய அக்கா கையில குடுத்துட்டேன் ஜோசப்பின். இனி அந்த வீடும் வேண்டாம், வண்டியும் வேண்டாம்..."

"உள்ள என்ன கேட்டா தெரியுமா உங்க மக? அப்பா பேச மாட்டேங்கிறாரே, நான் தப்பு பண்ணிட்டேனான்னு! கேட்டவங்க நெஞ்சே வெடிச்சிருச்சு!"

ரெக்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு அவளத் தோட்டத்துல எறக்கி விட்டதே நாந்தான்... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளப் பாப்பேன்?"

"எங்கிட்ட அழாதீங்க. அவகிட்டச் சொல்லுங்க!"

அவன் மகளின் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"நீ ஒரு தப்பும் பண்ணலத்தா. தப்பு பண்ணது மாமா. உம் பக்கம் நிக்காம ஓடுனது அப்பா..."

ஜென்சி அசையவில்லை. அம்மாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு மெல்ல வந்து அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "எல்லாத்தையும் சொல்லிட்டேம்ப்பா..."

ரெக்ஸ் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஜோசப்பினுக்கும் கண்ணீர் வந்தது. கோபம் மட்டும் போகவில்லை. எட்டு மாதக் கோபம் ஒரு மதியத்தில் தீர்ந்துவிடுமா?

"வியாழக்கிழமை டாக்டரம்மாகிட்ட போகணும்" என்றாள் ஹெப்சிபா.

"நானும் வரட்டுமா?" ரெக்ஸ் மனைவியிடம் கேட்டான்.

"அவளக் கேளுங்க."

ஜென்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"வாங்கப்பா. வெளிய உக்காந்திருங்க. நான் கூப்பிட்டா உள்ள வாங்க."