சிக்கலெண் மருதோன்றி

காய்ந்த மருதோன்றியைச் சுரண்டிய இடத்தில் சிவப்புக்குப் பதிலாக ஈரம் கசிந்தது. றுமைஸா மகளின் கையை மூக்கருகே கொண்டுபோனாள். இலை வாசமே இல்லை. கரண்ட் போன வீட்டு பிரிஜ்ஜில் மறந்துபோய்க் கிடந்த இறைச்சியின் வாடை. 

நாளைக்குப் பெருநாள். கலகெதர ஊரில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் கண்டிக் கடை அச்சுகளில் வரும் அதே பூவும் மயிலும்தான் போட்டுக்கொள்வார்கள். கணித டீச்சர் பெற்ற பிள்ளைக்கு அது போதுமா? உயர்தர வகுப்புக்காக லெப்டொப்பில் வரைந்து வைத்திருந்த பிரக்டலைப் பார்த்து, மகள் ஷஹ்மாவின் உள்ளங்கையில் மருதோன்றிக் கோனைப் பிழிந்தாள். ஒரு சிக்கலெண்ணை வர்க்கித்து, இன்னொன்றைக் கூட்டி, வந்ததை மறுபடி வர்க்கித்து என்று ஓயாமல் போனால் திரையில் பிறக்கும் உருவம் அது. கறுத்த மொட்டு, மொட்டின் விளிம்பில் மயிர், மயிர் நுனியில் அதே மொட்டு. எவ்வளவு பெருப்பித்துப் பார்த்தாலும் மொட்டுக்கு முடிவே இல்லை. அவளுக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது.

இப்போது அந்தக் கையில் அவள் வரையாத மொட்டுகளும் இருந்தன.

"உம்மா, கை ஊருது," என்றாள் ஷஹ்மா.

"நோவுதா மகள்?"

"இல்ல. உள்ளுக்கு ஏதோ ஈக்கி." உள்ளே என்ன இருக்கிறதாம்?

மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. றுமைஸா குசினித் தொட்டிக் குழாயடியில் மகளின் கையை நீட்டிப் பிடித்து, புளிப்புத் தேசிக்காயின் பாதியால் தேய்த்தாள். மொட்டுகள் புடைத்தன. மயிர்கள் சாய்ந்தன, தண்ணீர் ஓடும் பக்கத்துக்கு எதிராக. சீ என்று உதறத் தோன்றியது. பெற்ற பிள்ளையின் கையை எப்படி உதறுவது? தன் கையாலேயே அல்லவா இதைப் பூசிவிட்டாள்? அழுத்தித் தேய்த்தாள். பாலில் ஆடை விலகுவது போல உள்ளங்கைத் தோல் விரல்களோடு முழுசாகக் கழன்று வந்தது. இரத்தமில்லை. அடியில் புதுத் தோல். அதிலும் மொட்டு. இன்னும் பொடியாக.

அதையும் உரித்தாள். மொட்டு. மறுபடி உரித்தாள். மொட்டு. கை மெலியவில்லை. எலும்பு வரவில்லை. வாடை மட்டும் கூடியது. தொட்டிக்குள் தோல்கள் விரல் மடக்கிக் கிடந்தன.  நிறுத்தினாள்.

"ஏன் உம்மா நிப்பாட்டின? நல்லா ஈக்கி."

ஷஹ்மா அழவில்லை. மறுகையால் தானே ஒன்றை உரித்துத் தொட்டியில் போட்டாள்.

"போதும் மகள். விடுங்கோ."

விடவில்லை. மணிக்கட்டை உரித்தாள். முழங்கை. தோள். விரல் கன்னத்துக்கு ஏறியது. காதோரம் தோல் ஏற்கனவே லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. விளிம்பெல்லாம் மயிர். அதை நுனிவிரலால் பிடித்துக்கொண்டு, உம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, ஷஹ்மா மெதுவாக இழுக்கத் தொடங்கினாள்.